தூத்துக்குடி மக்ரூன்: ஒரு பழைய பேக்கரிக்கு முதன்முறை சென்ற அனுபவம்

தென் தமிழ்நாட்டில் ஊருக்கொரு தின்பண்டம் உண்டு. திருநெல்வேலிக்கு அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய், சாத்தூருக்குக் காராச்சேவு, முதலூருக்கு மஸ்கோத் அல்வா என்று நீளும் அந்த வரிசையில் தூத்துக்குடியின் மக்ரூன் மட்டும் சற்றுத் தனித்து நிற்கிறது. மற்றவையெல்லாம் வாணலியிலும் எண்ணெய்ச் சட்டியிலும் கிண்டியோ காய்ச்சியோ பொரித்தோ எடுப்பவை. முட்டை வெள்ளைக்கரு நுரையில் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் ஒன்றுதான் பேக்கரி அடுப்பின் மெல்லிய அனலில் மணிக்கணக்காகக் கிடந்து உலர்ந்து வருவது. ஆகையால் அதை விற்கும் கடையை மதிப்பிட மிட்டாய்க் கடைக்கு உரிய அளவுகோல் போதாது. அடுப்பை எப்படி ஆள்கிறார்கள் என்பதையும், செய்து முடித்த பண்டத்தை ஈரக்காற்றிலிருந்து எப்படிக் காக்கிறார்கள் என்பதையும், வெளியூர்க்காரர் வீடு போய்ச் சேரும்வரை தாங்கும்படி கட்டித் தருகிறார்களா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து தூத்துக்குடி போயிருந்தபோது, ஊரில் பெயர்பெற்ற ஒரு பழைய பேக்கரிக்கு முதன்முறையாகச் சென்றேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நிறைகளோடு சில குறைகளையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓரிரு வருகையை மட்டும் வைத்துக்கொண்டு, தலைமுறை தாண்டி நடக்கும் ஒரு கடையின் பெயரைக் குறைகளோடு சேர்த்து ஊரறியச் சொல்வது முறையாகப் படவில்லை. தூத்துக்குடியில் மக்ரூனுக்கு எந்தக் கடை என்று யாரிடம் கேட்டாலும் சட்டென்று வரும் நான்கைந்து பெயர்களுள் அதுவும் ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். இதில் நான் சொல்லும் பலவும் மற்ற கடைகளுக்கும் பொருந்தக்கூடும்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் பேக்கரி என்றால் வாசலில் டீ போடும் இடம், நின்றுகொண்டே பப்ஸும் தேங்காய் பன்னும் சாப்பிடும் கூட்டம், மணிக்கணக்கில் பேச்சு என்றுதான் பொருள். அங்கே கேக்கும் பிஸ்கட்டும் பெரும்பாலும் டீக்குத் துணை. இந்தக் கடையில் டீயே கிடையாது. உட்கார ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. சாலையிலிருந்து இரண்டு படி ஏறினால் நீண்ட கண்ணாடி அலமாரி, அதற்குப் பின்னால் சுவரோடு சுவராகப் பிஸ்கட் நிறைந்த பெரிய ஜாடிகள், ஓரத்தில் எடைத் தராசு, விட்டத்திலிருந்து தொங்கும் நூல்கண்டு. பெட்டியைக் கட்டும் பையன் அந்த நூலை அண்ணாந்து பார்க்காமலே இழுத்து, நான்கு பக்கமும் சுற்றி, விரலாலேயே அறுத்துவிடுகிறான். வாங்குவதற்கு மட்டுமே ஆன கடை என்பதால் கூட்டம் இருந்தும் நெரிசல் நீடிப்பதில்லை. ஆனாலும் வரிசை என்ற ஒன்று இல்லை. முன்னால் கையை நீட்டுபவருக்கே முதலில் கவனிப்பு கிடைக்கிறது. வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் பின்தங்கிப் போவதைக் கண்ணால் பார்த்தேன். இவ்வளவு நாள் நடக்கும் கடைக்கு ஒரு கயிறு கட்டி வரிசையில் நிற்கச் சொல்வது பெரிய வேலையில்லை.

விற்பனைக்கு நின்றவர்களின் பேச்சு, இந்தக் கடையில் நான் மனதாரப் பாராட்டும் முதல் சங்கதி. இந்த ஊரில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அண்ணாச்சி என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பேச்சு இணக்கமாகிவிடுகிறது. அரை கிலோ மக்ரூன் கேட்டதும் எடையில் போட்டுத் தந்துவிடாமல், "எந்த ஊருக்குக் கொண்டு போறீய அண்ணாச்சி?" என்று கேட்டார் நடுவயதுக்காரர் ஒருவர். கோயம்புத்தூர் என்றேன். "எப்பம் கெளம்புதீய?" என்று அடுத்த கேள்வி. மறுநாள் இரவு என்றதும், அலமாரியில் அப்போதுதான் வந்து அடுக்கியிருந்த தட்டைக் காட்டி, "இதுல இன்னும் சூடு இருக்கு. சூட்டோட மூடுனா வேர்த்துரும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க, நல்லா ஆறுனதாப் பாத்து வச்சுத் தாரேன். இப்பம் திங்கதுக்கு வேணா கொஞ்சம் வாங்கிக்கிடுங்க" என்றார். கையில் வந்த வியாபாரத்தை ஒருநாள் தள்ளிப்போட்டு, பண்டம் கெடாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கும் மனம் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. அவர் சொன்னபடி அப்போதைக்கு நூறு கிராம் மட்டும் வாங்கிக்கொண்டு, வாசலை விட்டு இறங்கி, சாலையோர நிழலில் நின்று சாப்பிட்டேன்.

இனி மக்ரூன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய, அடியில் அகன்று, சுழன்று சுழன்று மேலேறி, நுனியில் ஊசிபோல் முடிகிறது. நிறம் தூய வெள்ளையன்று. தந்தத்தின் நிறம் என்று சொல்லலாம், சுழிகளின் விளிம்பில் மட்டும் லேசான பழுப்பு. கையில் எடுத்தால் எடையே தெரிவதில்லை. நுனியைக் கடித்தால் மெல்லிய ஓசையோடு உடைகிறது. உடைந்த துண்டு நாக்கில் பட்டதும் சர்க்கரை முதலில் கரைந்து, நுரையின் பஞ்சுத்தன்மை மறைந்து, கடைசியில் முந்திரியின் பருப்புத் துகள் மட்டும் பல்லில் சிக்கி நிற்கிறது. சுவையின் உயிர் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. முந்திரியை மாவாக அரைத்துவிட்டிருந்தால் அது வந்திருக்காது; ரவையைவிடச் சற்றுப் பெரிதாக, கொரகொரப்பாக உடைத்திருக்கிறார்கள். நடுப்பகுதியில் ஈரமே இல்லை. ஆனாலும் அடிப்பாகத்தில் மெல்லும்போது ஒரு சிறு இழுவை இருக்கிறது. முழுவதும் மொறுமொறுவென்று ஆகிவிட்டால் அது வெறும் சர்க்கரை நுரை. முழுவதும் மெத்தென்று இருந்தால் அடுப்பில் போதிய நேரம் கிடக்கவில்லை என்று பொருள். இந்தக் கடையின் மக்ரூன் இரண்டுக்கும் நடுவே, சரியான இடத்தில் நிற்கிறது.

இனிப்பு அதிகம் என்ற குறை பலரும் சொல்வது. அது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் சர்க்கரை இங்கே சுவைக்காக மட்டும் சேர்ப்பதன்று, பண்டத்தின் உருவமே அதை நம்பி நிற்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகிய மூன்றுதான் மக்ரூனில் சேர்பவை. மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது, பொங்க வைக்கும் சோடாவும் கிடையாது. வெள்ளைக்கருவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியுள்ள புரதம்தான் அடிக்க அடிக்க விரிந்து, காற்றைச் சிறு சிறு குமிழிகளாகப் பிடித்து வைக்கிறது. அந்தக் குமிழிகள் உடைந்து நீர் பிரியாமல் பிடித்து நிறுத்துவது சர்க்கரை. அதைக் குறைத்தால் நுரை தளர்ந்துவிடும், கூம்பு எழாது, அடுப்பில் வைத்த சிறிது நேரத்தில் தட்டையாகப் படுத்துவிடும். ஆகவே சர்க்கரை குறைந்த மக்ரூன் வேண்டும் என்று கேட்பதைக் காட்டிலும், ஒரு நேரத்துக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மறுநாள் மாலை போனபோது கூட்டம் குறைவாக இருந்தது. செய்முறையைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். பின்கட்டின் வாசல்வரை வந்து பார்க்கலாம், உள்ளே வர வேண்டாம் என்றார்கள். அதுவும் சரியான கண்டிப்பே. உள்ளே ஒருவர் முட்டையை உடைத்து, ஓட்டின் இரண்டு பாதிகளுக்கும் இடையே மஞ்சள் கருவை மாற்றி மாற்றி வெள்ளைக்கருவை மட்டும் வடியவிட்டுக்கொண்டிருந்தார். வடிந்ததை நேராகப் பெரிய பாத்திரத்தில் விடவில்லை. முதலில் ஒரு சிறு கிண்ணத்தில் விட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மஞ்சள் கலக்கவில்லை என்று உறுதியான பிறகே பெரிய பாத்திரத்தில் சேர்த்தார். மஞ்சள் கருவில் உள்ள கொழுப்பு துளி கலந்தாலும் நுரை திரண்டு எழாது. ஒரு முட்டையின் கவனக்குறைவால் ஒரு பாத்திரமே வீணாகும். பிரித்தெடுத்த மஞ்சள் கரு கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் போகிறது.

நுரை அடிப்பதற்கு இப்போது இயந்திரம் இருக்கிறது. சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டாமல் தவணை தவணையாகச் சேர்க்கிறார்கள். பாத்திரத்தைச் சாய்த்தாலும் நுரை நகராத பதம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முந்திரியைக் கையால் கலக்கிறார்கள். இந்த இடத்தில்தான் மாஸ்டரின் கைத்திறன் தெரிகிறது. முந்திரிப் பருப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எண்ணெய்தான்; எண்ணெயோ நுரைக்குப் பகை. அதனால்தான் முந்திரியை எண்ணெய் கசியும்வரை அரைக்காமல் உலர்வாக உடைக்கிறார்கள். அதனால்தான் அதைக் கடைசியில் சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகு நெடுநேரம் கிளறுவதும் இல்லை. நான் பார்த்த மாஸ்டர் கையை விரித்து, அடியிலிருந்து மேலாக ஏழெட்டு முறை புரட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு அந்தக் கலவையைக் காகிதக் கூம்பில் அள்ளி, தாள் விரித்த தட்டில் ஒரு சுழற்று, ஒரு இழுப்பு என்று வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் எழுந்து நிற்பதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. உயரமும் இடைவெளியும் அளந்து வைத்ததுபோல் இருந்தன. அச்சில் வார்த்தால் அந்தச் சுழி வராது.

அடுப்பு பழைய விறகு அடுப்பு. காலையில் எரித்த விறகின் சூட்டில் முதலில் ரொட்டியும் பன்னும் வேகின்றன; சூடு இறங்கியதும் பிஸ்கட்; அதற்கும் பிறகு, கையை உள்ளே நீட்டிச் சிறிது நேரம் தாங்க முடிகிற அளவுக்குத் தணிந்த அனலில் மக்ரூன் தட்டுகள் போகின்றன. வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்று சொன்னால்தான் பொருந்தும். சூடு கூடினால் மேற்புறம் பழுத்து உள்ளே பசையாக நிற்கும், வெடிப்பும் விழும். சூடு குறைந்தால் நீர் வெளியேறாமல், ஆறியதும் சுருங்கும். மின்சார ஓவனில் சூட்டை எண்ணில் நிறுத்தி வைக்கலாம் என்பதால் இந்த வேலை எளிதாகும் என்பது உண்மைதான். ஆனால் ரொட்டிக்கு எரித்த விறகிலேயே, தனியாக ஒரு கட்டைகூட வைக்காமல், மிச்சச் சூட்டில் மக்ரூனை முடித்துவிடும் இந்த ஒழுங்கில் ஒரு சிக்கனமும் பட்டறிவும் இருக்கின்றன. மக்ரூன் பேக்கரிப் பண்டமாக நிலைத்ததற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பண்டம் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் காலூன்றியது 16ஆம் நூற்றாண்டில். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினார்கள். 1825இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐரோப்பாவில் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் பாதாம் பருப்போடு சேர்த்து மக்ரூன் செய்வது பழைய வழக்கம். பாதாம் இங்கே விளைவதில்லை. பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்து மேற்குக் கடற்கரையில் பரப்பிய முந்திரி, தென்கோடியில் தாராளமாகக் கிடைத்தது. கொல்லத்துப் பருப்பு ஆலைகளும் அருகிலேயே இருந்தன. இன்றும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும் முந்திரிக் கொட்டையில் கணிசமான பங்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குகிறது. பாதாம் இருந்த இடத்தில் முந்திரி வந்ததும் பண்டத்தின் குணமே மாறிவிட்டது. பாதாமைவிட முந்திரி மென்மையானது, பால்சுவை உடையது. வண்ணம் சேர்த்து, நடுவில் கிரீம் வைத்து இரண்டு வட்டங்களாக ஒட்டி விற்கும் பிரெஞ்சு மக்ரோனை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கே அதைத் தேட வேண்டாம். தேங்காய்த் துருவலில் செய்யும் உருண்டையும் இதுவன்று.

எனக்குப் பருப்பைத் தேர்ந்தெடுக்கும் முறையும் பிடித்திருந்தது. முழு முந்திரிக்கு விலை அதிகம். எப்படியும் உடைக்கப்போகிற பருப்புக்கு முழுதாக இருக்க வேண்டிய தேவையில்லை. ஆகவே உடைந்த பருப்பையே வாங்குகிறார்கள். ஆனால் பழைய பருப்பில் ஏறும் சிக்கு வாடையை எதுவும் மறைக்காது என்பதால், மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டு மென்று பார்த்த பிறகே உடைக்கக் கொடுக்கிறார்கள். எசென்ஸ் சேர்க்காத கடை என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை. நான் வாங்கிய மக்ரூனில் வெனிலா வாடையோ ஏலக்காய் வாடையோ இல்லை. முட்டை வாடையும் இல்லை. சிலர் முட்டை நாறும் என்று அஞ்சி வாங்காமல் விடுகிறார்கள்; நன்றாக உலர்ந்த மக்ரூனில் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

முட்டை என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. நான் நின்றிருந்தபோது வயதான அம்மா ஒருவர் மக்ரூனைக் காட்டி, "இதுல முட்ட உண்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். "உண்டும்மா. வெள்ளக்கரு இல்லாம இது வராது. நீங்க சைவம்னா நெய் பிஸ்கட் வாங்கிக்கிடுங்க" என்று விற்பனையாளர் உடனே உண்மையைச் சொன்னார். அது நேர்மை. ஆனால் அந்த அம்மா கேட்டதால்தான் தெரிந்தது. முந்திரி இனிப்பு என்று மட்டும் கேள்விப்பட்டு வரும் சைவக் குடும்பத்தார் எத்தனையோ பேர் கேட்காமலே வாங்கிப் போயிருப்பார்கள்; வீட்டில் பூசை அறையில் வைத்துப் படைத்தும் இருப்பார்கள். நம் நாட்டு உணவுச் சட்டப்படி முட்டை சேர்ந்த பண்டம் அசைவக் குறியீட்டின் கீழ் வருவது. அலமாரியின் கண்ணாடியில் "முட்டை சேர்ந்தது" என்று இரண்டு சொல் எழுதி ஒட்டுவதற்கு எந்தச் செலவும் இல்லை.

பெட்டியைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. வெள்ளை அட்டைப் பெட்டி, உள்ளே எண்ணெய்த்தாள், வெளியே நூல் என்ற பழைய கட்டு பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் என்றைக்குச் செய்தது, எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று பெட்டியில் ஓரெழுத்தும் இல்லை. உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு இருக்கிறது. மற்றப் பண்டங்களைவிட மக்ரூனுக்குத்தான் அந்தக் குறிப்பு மிகத் தேவை. ஏனெனில் அது கெட்டுப்போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பூஞ்சை பூக்காது, புளிக்காது. நமத்துப்போய், பல்லில் ஒட்டும் பிசினாக மாறி, வாங்கியவருக்கு "இவ்வளவுதானா தூத்துக்குடி மக்ரூன்" என்ற எண்ணத்தைக் கொடுத்துவிடும். நான் அண்டை வீட்டாருக்கென்று வாங்கிய இரண்டாவது பெட்டியை, கூட்டம் ஏறிவிட்ட நேரத்தில் வேறொரு இளைஞர் திறந்திருந்த தட்டிலிருந்து அள்ளி நிரப்பினார். எனக்கென்று முன்பே எடுத்து வைத்த பெட்டி ஊர் போய்ச் சேரும்வரை மொறுமொறுப்பாக இருக்க, அந்த இரண்டாவது பெட்டியில் பாதிக்குமேல் நுனி உடைந்தும் அடி நமத்தும் இருந்தது. ஒரே கடை, ஒரே அடுப்பு, ஒரே கைப்பக்குவம்; கட்டும்போது காட்டிய அக்கறைதான் வேறு. கடற்கரை ஊரில் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை. மக்ரூன் தட்டுகளை மட்டுமாவது மூடியுள்ள டின்களில் வைத்து, எடுக்கும்போது மட்டும் திறக்கலாம்.

சாக்லேட் மக்ரூன் என்று ஒன்றும் அலமாரியில் இருக்கிறது. வேண்டாம் என்பதே என் கருத்து. சாக்லேட்டின் கசப்பும் கொழுப்பும் முந்திரியின் மெல்லிய சுவையை முழுக்க மூடிவிடுகின்றன. குழந்தைகள் விரும்பிக் கேட்பதால் செய்கிறோம் என்றார்கள். விலை, சாதா மக்ரூன் கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. முந்திரியின் விலையையும், ஒரு கிலோவுக்கு எடையில்லாத அந்தக் கூம்புகள் எத்தனை ஏறும் என்பதையும், ஒவ்வொன்றையும் கையால் வைக்க வேண்டிய உழைப்பையும் கணக்கில் எடுத்தால் இதை அதிகம் என்று சொல்ல மாட்டேன். இதைவிட மிகக் குறைந்த விலைக்கு எங்காவது கிடைத்தால், அதில் முந்திரி குறைந்து நிலக்கடலையோ வேறு மாவோ சேர்ந்திருக்கிறதா என்று கடித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

மற்றச் சரக்குகளில் ரஸ்க் மிக நன்றாக இருந்தது. டீயில் முக்கினால் உடைந்து விழாமல், ஊறி நிற்கிறது. நெய் பிஸ்கட்டும் பெயருக்கேற்ற மணத்தோடு இருந்தது. உப்பு பிஸ்கட், பன், காரச் சரக்குகள் எல்லாம் எந்த ஊரிலும் கிடைக்கும் தரம்தான். ரொட்டி மட்டும் சூடாக வந்த சிறிது நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அதற்கென்றே ஊர்க்காரர்கள் நேரம் பார்த்து வருகிறார்கள்.

போகும் காலத்தையும் யோசித்துக்கொள்வது நல்லது. சூலை 26ஆம் தேதி பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறி ஆகஸ்ட் 5 அன்று பெருவிழா முடியும்வரை ஊர் நிரம்பி வழியும். கிறிஸ்துமஸ் வாரத்தில் பிளம் கேக் வாங்கும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அந்நாட்களில் மக்ரூன் நன்கு ஆறுவதற்குள் அலமாரிக்கு வந்துவிடுவதற்கும், பெட்டிகள் அவசரத்தில் நிரம்புவதற்கும் வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் நமத்துப்போகும் அபாயம் உண்டு. பங்குனி முதல் ஆனி வரையிலான வறண்ட மாதங்களில் வாங்கி வருவதே பயணத்துக்கு ஏற்றது.

வீட்டுக்கு வந்ததும் அட்டைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல், ஈரமில்லாத, இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. வெளியே எடுக்கும்போது குளிர்ந்த மக்ரூனின் மேல் நீர் கோத்து, நிமிடங்களில் பிசுபிசுத்துவிடும். அடிக்கடி திறப்பதும் கேடுதான் என்பதால், பெரிய டப்பா ஒன்றுக்குப் பதிலாகச் சிறிய டப்பாக்கள் இரண்டு மூன்றில் பிரித்து வைப்பது பயன்படும். நமத்துப்போனவற்றை எறிந்துவிடத் தேவையில்லை. அந்த இரண்டாவது பெட்டியில் இருந்தவற்றை ஓவனில் 100 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் கால் மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து முழுவதும் ஆறவிட்டேன். முதல்நாள் இருந்த பஞ்சுத்தன்மை திரும்பவில்லை என்றாலும் மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பியது.

விற்பனையாளரிடமிருந்து கடைசியாகத் தெரிந்துகொண்ட செய்தி எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவையோ தூக்குவாளியையோ நாமே துடைத்து உலர்த்திக் கொண்டுபோனால், அதை முதலில் எடை போட்டுக் கழித்துவிட்டு, உள்ளே எண்ணெய்த்தாள் சுற்றி, ஆறிய தட்டிலிருந்து பார்த்து அடுக்கித் தருகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள். வெளியூர்க்காரர்களும் பையில் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு, கிளம்புவதற்கு ஒருநாள் முன்பே கடையில் சொல்லி வைத்துவிட்டு, மாலைக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னதாகப் போய் வாங்கிக்கொள்ளலாம்.